அக்காவின் பெரம்பலூர்

போன வாரம் என் மகள் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டே, "எந்தெந்த ஊர்ல சனங்க சந்தோஷமா இருக்காங்கன்னு போட்ருக்காங்கம்மா" என்றாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் முதலில் தன் ஊர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். என் வாயில் வந்தது வேறு.

"பெரம்பலூரு இருக்கா பாரு."

"பெரம்பலூரும் இல்ல, நம்ம அரியலூரும் இல்ல. எல்லாம் பெரிய பெரிய ஊரு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஊர் மேல் இருந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஆறவில்லை பாருங்கள்.

அக்காவும் நானும் வேப்பந்தட்டைப் பக்கம் பிறந்தவர்கள். அக்காவைப் பெரம்பலூரில் கொடுத்தார்கள், என்னை அரியலூரில். பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் பெரம்பலூர் துறைமங்கலத்தில் அக்கா வீட்டு மாடியில் நின்றால் வேறு தேசத்துக்கு வந்தது போலிருக்கும். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு, சாயங்காலம் அதை வெள்ளையாகவே எடுத்து மடிப்பாள். எங்கள் தெருவில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். காய்ந்த துணியை உதறினால் தூசியில் தும்மல் வரும். உட்காரும் முன் நாற்காலியை முந்தானையால் துடைப்பது, குடிக்கும் முன் தண்ணீரை மேலாக ஓர் ஊது ஊதுவது, இதெல்லாம் எங்கள் தெருப் பெண்களுக்குக் கை பழகிய காரியம்.

அக்கா மாடியில் சின்ன வெங்காயம் பரப்பியிருப்பாள். இன்றைக்கும் கடையில் அந்த வாசனை அடித்தால் மற்றவர்களுக்குச் சாம்பார் ஞாபகம் வரும். எனக்கு அந்த மாடி ஞாபகம் வந்து எரியும்.

என் வீட்டுக்காரருக்கு லாரி செட்டில் வேலை. அவரை நச்சரித்து நச்சரித்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. அங்கே குடிபோய்விடுவது, அவர் பஸ்ஸில் வேலைக்கு வந்துபோவது என்று பேச்சு. பார்க்க அக்காதான் கூட்டிப்போனாள். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். புது ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் திறக்காது. தலையைக் குனிந்தபடியே நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். ஊதிவிட்டுக் குடித்தேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எங்க வூட்ல பொழங்குறது உங்களுக்குச் சரிப்படாதுங்க. வேற எடம் பாத்துக்குங்க."

"ஐயோ, ஏங்க..." என்று எழுந்தேன்.

அக்கா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். "அவ அரியலூர்க்காரிங்க. அங்க சாமியக்கூடத் தொடச்சிட்டுத்தான் கும்புடுவாங்க." அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆள் பார்த்து அருவருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஏன்டி, சும்மா உக்காந்தா கொறஞ்சா போயிடுவ?"

"கை தானாப் போயிடுச்சுக்கா."

அந்தப் போர்ஷனுக்கு வேறொருத்தி குடிவந்தாள். ரொம்ப நல்ல பெண், கொழம்பு வைத்தால் எட்டிக் கொடுக்கிறாள் என்று அக்கா போனில் புகழ்ந்தாள். நான் கொடுக்க வேண்டிய குழம்பு அது. "அப்புடியா" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அக்காவுக்கும் ஒரு குறை உண்டு. சென்னையில் படித்த மகனைப் பார்க்கப் போகும்போது முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பெரம்பலூரில் ரயில் கிடையாது.

"ஒனக்கென்னடி, ஏறி உக்காந்தா மெட்ராஸு. எங்கூர்ல பஸ்ஸுல குலுங்கி இடுப்பு ஒடியுது."

அந்த ரயிலில் அதுவரை நான் ஏறியதே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் பெருமூச்சு விடுவதைப் பார்க்க அவ்வளவு இனிப்பாக இருந்தது. இன்னொரு தோசை போட்டேன், நெய் விட்டு.

அக்கா வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு மகன் அவளைச் சென்னைக்கே கூட்டிக்கொண்டான். துறைமங்கலத்து வீட்டை விற்றாகிவிட்டது. "அங்க சந்தோஷமா இருக்கியாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசி இருக்குடி" என்றாள்.

போன மாதம் கண் காட்டப் பெரம்பலூர் போனேன். துறைமங்கலம் வந்ததும் பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஸ்டாண்டுக்குத்தானம்மா டிக்கெட் வாங்குனீங்க? இங்க எறங்குறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, ஸ்டாண்டுதான்" என்று உட்கார்ந்தேன். பஸ் அந்தத் தெருவைத் தாண்டிப் போனது. பொறாமைப்பட அந்த ஊரில் எனக்கு இப்போது யாரும் இல்லை.