என் வீட்டுக்காரர் வாயைத் திறந்த நாள்

என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் நோய் வந்த நாளிலிருந்து டாக்டரிடம் பேசுவது நான்தான். அவர் பக்கத்து நாற்காலியில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் சொல்வேன். தூக்கம் வருகிறதா? அதையும் நானே சொல்வேன். மனுஷன் வாயைத் திறந்தால்தானே! எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

எங்கள் ஊர் டுரியான் துங்கால் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டாக்டர் நம் தமிழ்ப் பெண். கம்ப்யூட்டரில் என் வீட்டுக்காரருடைய பழைய பதிவுகளைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, இதுல இருக்கறது எல்லாம் நீங்க சொன்னது. அங்கிள் சொன்னது ஒரு வரிகூட இல்ல. இன்னிக்கு அவரே பேசட்டும், அவர் சொல்ற மாதிரியே எழுதிக்கறேன். நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க லா, ப்ளீஸ்."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண் என்னை வாயை மூடச் சொல்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவள் அவரை அவசரப்படுத்தவில்லை.

"காலு மரத்துப் போச்சு டாக்டர்," என்றார் கடைசியில். "பிரேக்க மிதிச்சேனா இல்லையான்னே தெரியல. குனிஞ்சு பார்த்துதான் மிதிக்கிறேன்."

அவர் ஓட்டுவது பள்ளி வேன். உள்ளே சின்னச் சின்னப் பிள்ளைகள்.

"ஐயோ, பாவி மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அன்னிக்கே சாவியப் புடுங்கியிருப்ப. வேன விட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? அந்தப் புள்ளைங்ககிட்டதான் வாய்விட்டுப் பேசறேன்."

பிடுங்கியிருப்பேன்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவர் வேனில் பேசுகிற ஆள் என்பது எனக்குத் தெரியாது. அதுதான் வலித்தது.

டாக்டர் அவர் சொன்னதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டி, படித்துக் காட்டினாள். காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும், மதியம் வேன் வராது என்று பெற்றோர்களிடம் சொல்லப் போனை எடுத்தேன். அவர் கையை நீட்டினார்.

"குடு, நானே சொல்றேன்."

முதலில் வேனில் வரும் ஒரு பையனின் அம்மாவுக்குப் போன் அடித்தார்.

"காலு சரியில்லம்மா, நான் இனிமே ஓட்டக் கூடாதாம். இன்னிக்கு நீங்களே போய்ப் புள்ளைய ஏத்திக்குங்க. அவன் கேட்டா, அங்கிள் கோவிச்சுக்கிட்டுப் போயிடலன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா."