சோதனைத் திடலில் சுப்பையாவின் காது

1. மீட்டர் வந்த நாள்

சத்தம் அளக்கும் மீட்டர் எங்கள் கம்பெனிக்கு இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்தது. விஸ்வநத்தத்துக்கு அப்பால், காட்டுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கம்பெனி அது. நான் அங்கே போர்மேன். வெடிச் சத்தத்துக்கு இதுதான் எல்லை என்று விதி வந்துவிட்டதால், சரக்கின் ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்துப் பின்பக்கத் திடலில் வெடித்து, அளந்த பிறகே லோடு ஏற்ற வேண்டும். பற்ற வைப்பவர் சுப்பையா. என்னைவிட நாலைந்து வயது இளையவர். மீட்டர் வருவதற்கு முன்பே பல வருடங்களாகச் சாம்பிள் வெடித்துக்கொண்டிருந்தவர்.

மீட்டரைப் பழக்கிவிட மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதல் அணுகுண்டு வெடித்ததும், “ஜெட் விமானம் கிளம்புறப்ப பக்கத்துல நின்ன மாதிரி இருக்கு சார். ஏர்போர்ட்ல காதை மூடாம ஒருத்தரையும் கிட்ட விட மாட்டாங்க” என்றார்.

“அப்ப அங்கன வேலை பாக்குறவக எப்படிப் பேசிக்கிடுவாக?” என்று சுப்பையா கேட்டார்.

“கையில மட்டை வச்சு சைகை காட்டுவாங்க.”

மீட்டர் பெட்டியில் காதுமூடி ஒன்றுதான் இருந்தது. அது மீட்டரைப் பார்க்கும் எனக்கு. இன்னொன்று வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். “ஊதுவத்தி பிடிக்கிறவனுக்கு எதுக்குய்யா அதெல்லாம்? பஞ்சு வச்சுக்கிடச் சொல்லும்” என்றார். கோபம் வந்தது. பட்டாசுக் கம்பெனியில் கோபத்தைக்கூட அணைத்துத்தான் வைக்க வேண்டும்.

பஞ்சை உருட்டி, உருக்கிய மெழுகில் தோய்த்து, ஆறியதும் சுப்பையாவின் காதுக்குத் தக்கபடி அழுத்திக் கொடுத்தேன். பழைய துணியில் இரண்டு கொடிகள் தைத்தேன். பச்சை காட்டினால் பற்ற வைக்கலாம். சிவப்பு காட்டினால் கிட்டே போகக் கூடாது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. சைக்கிள் மணி

ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. பற்ற வைத்த வெடி வெடிக்காமல் நின்றுவிட்டால் அரை மணி நேரம் அதன் பக்கம் போகக் கூடாது என்பது விதி. சீசனில் யார் காத்திருக்கிறார்கள்? கிட்டே போய்க் குனிந்து, திரிப் பக்கம் காதை வைத்துப் பார்ப்பார்கள். சுர்ரென்று சீறினால் ஓடி வந்துவிடுவார்கள். சத்தம் இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுவார்கள். சுப்பையா அதற்காக மட்டும் பஞ்சைப் பிடுங்குவார். நானும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் டீக்காரர் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார். சுப்பையா நகரவே இல்லை. சைக்கிள் அவர் காலில் இடித்து நின்றது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஒங்க பேச்சு நல்லாக் கேக்கு அண்ணாச்சி. மணி, குருவி, குக்கர் விசிலு, இதெல்லாம் கேட்டு ரெண்டு வருசமாச்சு. ஆபீசுல மட்டும் சொல்லிறாதீக. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன். இப்பப் போயி வேலை போச்சுன்னா நான் எங்கன போவேன்?”

“சரி, சொல்லலை. சூதானமா இரு” என்றேன்.

நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மணிச் சத்தம் கேட்காத காதுக்குத் திரியின் சீறல் மட்டும் எப்படிக் கேட்கும் என்ற யோசனை எனக்கு வரவில்லை. இருபது வருட சர்வீஸ் இருந்து என்ன புண்ணியம்?

3. நின்றுபோன வெடி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வாசலில் லாரி நின்றது. நான் பச்சை காட்டினேன். சுப்பையா பற்ற வைத்துவிட்டு ஒதுங்கினார். திரி கொஞ்சம் புகைந்தது. பிறகு ஒன்றுமில்லை. நான் சிவப்பை எடுத்துப் பிடித்தேன்.

மேனேஜர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, “இன்னும் எம்புட்டு நேரம்யா? லோடு கிடக்கு!” என்று கத்துவது போலக் கையை ஆட்டினார். சுப்பையா அவரைப் பார்த்தார். வலது காதுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வெடியிடம் போனார். எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். சிவப்புக் கொடியை எவ்வளவு ஆட்டி என்ன, முதுகுக்குக் கண்ணா இருக்கிறது?

காதுமூடியைக் கழற்றினேன். நான் நின்ற இடத்துக்கே அந்தச் சீறல் கேட்டது.

“சுப்பையா, வந்துரு!” என்று அலறினேன். என் குரல் அவருக்குக் கேட்டது. நிமிர்ந்தார். ஆனால் கை அதற்குள் வெடிமேல் போயிருந்தது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. மிச்சமிருந்த காதும் அன்றோடு போயிற்று.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டார்: “இவருக்கு ஏற்கெனவே காதுல கோளாறு உண்டா?” மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். தெரியும் என்றால் என் போர்மேன் வேலை போய்விடும். “எனக்குத் தெரியாது சார்” என்றேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு திடலில் சில மாற்றங்கள் செய்தேன். இப்போது வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். முதல் வெடிக்கு முன்பே பஞ்சு காதில் இருக்க வேண்டும். வெடிக்காத வெடிக்குக் கடிகாரத்தைப் பாருங்கள், காதை நம்பாதீர்கள். பற்ற வைப்பவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மீட்டரைப் பார்ப்பவர் பிடித்திருக்க வேண்டும். கொடியைப் பார்க்காமல் போகிறவரையும் கயிறு இழுத்து நிறுத்தும். காது மந்தமானவரை அதே சம்பளத்தில் பேக்கிங்குக்கு மாற்றுங்கள். அப்போதுதான் அடுத்தவர் மறைக்க மாட்டார். இதில் ஒன்றுகூடப் பெரிய செலவு இல்லை.

சுப்பையா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: “முன்னாடியே காது கேக்கலைன்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை அண்ணாச்சி. உங்ககிட்டயாவது சொன்னாகளா?”

“இல்லம்மா” என்றேன்.

சுப்பையா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.