பேச்சுக் கொடுத்தவர்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்வது என் வேலை. பெரும்பாலான நாட்களில் அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிடுவேன். ஒரு மரண விசாரணையை மட்டும் அப்படி விட முடியவில்லை.

இறந்தவர் யாழ்ப்பாணத்து இளைஞர். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தவர். மாரடைப்பு. கதவை உடைத்துத்தான் உடலை எடுத்திருந்தார்கள். அதற்கு முன்பே உயிர் போய் மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்று மருத்துவ அறிக்கை சொன்னது. சாட்சிக் கூண்டில் வீட்டுக்கார அம்மா நின்றார், தனியாக வாழும் விதவை. பின்வரிசையில் இறந்தவரின் அண்ணன், பயணம் வந்த கசங்கிய உடுப்போடு.

“கடைசியாக எப்போது அவரோடு பேசினீர்கள்?” நீதவானின் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“நான் ஒவ்வொரு நாளும் பேச்சுக் குடுப்பன்.”

“கதைச்சவ எண்டா சுகமில்லை எண்டு தெரிஞ்சிருக்கும்தானே,” என்றார் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பேசினார் என்று சிங்களத்தில் சொன்னால் நீதவானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அனுமதி கேட்டு விளக்கினேன். பேசத் தயங்குபவரிடம் நாமாகப் போய் எதையாவது கேட்டு, வாய் திறக்கவைக்கப் பார்ப்பதுதான் பேச்சுக் கொடுப்பது.

“ஏன் கொடுப்பது என்கிறீர்கள்?” என்றார் நீதவான்.

“எப்படி வந்ததென்று உறுதியாகச் சொல்லத் தெரியாது, ஐயா. கை கொடுப்பது, குரல் கொடுப்பது என்றும் சொல்வோம். அந்த வழியில் வந்திருக்கலாம்.”

“அந்த இளைஞர் அதை வாங்கிக்கொண்டாரா?”

அப்படிச் சொல்ல வழியில்லை என்றேன். தமிழில் பேச்சு வாங்குவது என்றால் ஏச்சு வாங்குவது. அந்த அம்மாவிடம், பதில் வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

“முந்தி சிரிப்பார். பிறகு அதுவும் இல்ல. கதவடியில நிண்டு, தம்பி, தேத்தண்ணி போடவா எண்டு கேப்பன். உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்கும். ஆள் இருக்கிறார்தானே எண்டு இறங்கிப் போயிடுவன்.”

அதை மொழிபெயர்க்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. உயிரில்லாதவருக்கும் அவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். கூண்டில் நின்றவருக்கும் அது தெரிந்திருந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயற்கை மரணம் என்று விசாரணை முடிந்தது. வெளியே நடையில் அண்ணன் அந்த அம்மாவை மறித்தார். சண்டை வரப்போகிறது என்று நான் கிட்டப் போனேன்.

“அன்ரி, வேற என்ன கேப்பீங்கள் அவனிட்ட?”

“சாப்பிட்டதோ எண்டு. ஊரில இருந்து அம்மா போன் அடிச்சவவோ எண்டு.”



“அடிச்சவ. அவன் தூக்கேல்ல. நான் அடிச்சாலும் தூக்கிறதில்ல. கொழும்பில வேலை அதிகம் எண்டுதான் நினைச்சனாங்கள்.”

அந்த அம்மா அவருடைய கையைப் பிடித்தார். அவர் உதறவில்லை. பிறகு அண்ணன், பிரேத அறைக்கு எந்தப் பக்கம் போவதென்று என்னிடம் கேட்டார். ஒரு த்ரீவீலரை நிறுத்தி, சாரதியிடம் சிங்களத்தில் இடத்தைச் சொன்னேன். இருவரும் ஏறிப் போனார்கள்.