புளோரன்ஸா, பிராக்கா

கேதீஸ்வரன் வெட்கத்தில் சொன்ன ஒரு பொய்தான் எல்லாத்துக்கும் தொடக்கம். ஆஸ்திரேலியாவில், சிட்னிப் பக்கத்துச் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷினுகளுக்குப் பிளான் கீறுகிற வேலை அவருக்கு. 1977 தை மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், "நாலு கிழமை லீவு கிடக்கே, எங்கே போகப்போறாய்?" என்று யாரோ கேட்டான். போக இடமில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. நாற்பத்துமூன்று வயசு, கலியாணம் இல்லை, தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தாச்சு. கொழும்பில் ஒரு அண்ணன் இருக்கிறார், அண்ணிக்கு இவரைக் கண்ணில் காட்டேலாது. "யூரோப்புக்கு" என்றுவிட்டார் மனுசன்.

அவ்வளவுதான், இரண்டு பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பி வந்தார்கள். ஒருவர் வெல்டிங் பகுதி ஜினோ, இத்தாலிக்காரர். மற்றவர் ஸ்டோர்ஸைப் பார்க்கிற பாவெல், செக்கோஸ்லோவாக்கியா. இவர்கள் பேசியது ஆளுக்கொரு இங்கிலீஷ். அதை அப்படியே சொல்லப் போனால் விடிந்துவிடும், எங்கட பாசையிலேயே சொல்கிறேன்.

"புளோரன்ஸ் பார்க்காமல் வந்தாயெண்டால் என்ர முகத்தில முழிக்காதே!" இது ஜினோ.

"அவர் சத்தம் போடுவார், நீங்கள் கேளாதேங்கோ. ஒரு ஊர்தான் பார்க்க நேரமெண்டால் பிராக்," என்றார் பாவெல்.

இரண்டு பேரும் வேலை மணி அடிக்கும்வரை சண்டை. தன்னை நடுவில் வைத்து இரண்டு மனுசர் இழுபறிப்படுவதைக் கேதீஸ்வரன் அதுக்கு முதல் கண்டதே இல்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். அந்த ஞாயிறு ஜினோ வீட்டில் சாப்பாடு. அடுத்த ஞாயிறு பாவெல் வீட்டில். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்தக் காலத்துச் சிட்னியில் சனி மத்தியானத்தோடு கடை பூட்டினால் திங்கள்தான் திறப்பான். கேதீஸ்வரனுக்கு லிட்கம்மில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை, ஜன்னலுக்கு வெளியே ரயில்பாதை. வெள்ளி பின்னேரம் வேலையால் வந்தாரென்றால் திங்கள் விடியும்வரை வாய் திறக்க ஆளில்லை. சில திங்கட்கிழமைகளில் ஸ்டேஷனில் டிக்கட் கேட்கப் போனால் குரலே வராது, இரண்டு தரம் செருமித்தான் கேட்பார்.

தமிழ் ஆக்கள் இல்லையோ என்று கேட்பீர்கள். இருந்தார்கள், ஏன் இல்லாமல்? பிறந்தநாள், வருசப்பிறப்பு என்றால் வாடகைக் கதிரை இறக்கி அடுக்க ஒரு தனிக்கட்டை தேவையே, அதுக்குக் கூப்பிடுவார்கள். அப்படி ஒருநாள் ஹோம்புஷ் யோகா அக்காவிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னார்.

"அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமே?" என்று கேட்டா அக்கா.

"இல்லையக்கா, ஒருத்தரும் இல்லை."

"ஐயோ, பின்ன என்னத்துக்குக் காணும் போறீர்? லண்டனுக்குப் போமன். என்ர தம்பி இருக்கிறான், மிளகாய்த்தூளும் குடுத்துவிடலாம்."

எங்கட சனத்துக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரன் வீட்டுப் பாயில் படுத்து எழும்புவது. கேதீஸ்வரன் சிரித்துச் சமாளித்துவிட்டு மிச்சக் கதிரைகளை இறக்கினார்.

ஜினோ வீடு ஒரே கலகலப்பு. மனைவி ரோசா கோப்பையை வெறுமையாக விடமாட்டா. சாப்பாடு முடிந்ததும் ஜினோ அல்பத்தை விரித்து, ஆற்றங்கரை, பழைய பாலம், அதன்மேல் வரிசையாக நகைக்கடைகள் என்று தானே கட்டினமாதிரிக் காட்டுவார். பாவெல் தனிக்கட்டை. ஓபர்னில் சின்ன பிளாட், சூப்பும் அவித்த மாவுருண்டையும், அதிகம் பேச்சில்லை. ஆனால் தன் ஊர்த் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அந்த மனுசனின் கண் எங்கேயோ போய்விடும்.

மாசியில் ஒருநாள் பாவெல் சொன்னார். அறுபத்தெட்டில் ரஷ்யன் டாங்கியோடு வந்தபோது ஓடிவந்தவராம். திரும்பிக் கால் வைத்தால் பிடித்து மறியலில் போட்டுவிடுவார்களாம். பிராக்கில் தாய் தனிய இருக்கிறா, எண்பது வயசு, பயணம் செய்கிற உடம்பில்லை.

"நீங்கள் போனால் அவவோட ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ. என்னைக் கண்ணால கண்ட ஒரு ஆளை அவ ஒருக்காப் பார்க்கட்டும். வேற ஒண்டும் வேண்டாம்."

அந்த நிமிசமே கேதீஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது, பிராக்தான். வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஜினோ வீட்டுச் சாப்பாடு போய்விடும். போய்த் திரும்பினால் பாவெல் வீட்டுச் சாப்பாடும் போய்விடும். பார்த்துவிட்டு வந்தவனை ஆர் கூப்பிடப் போகிறான்? இந்தக் கணக்கு அவர் மனதில் ஓடியது. நல்ல மனுசன்தான், ஆனால் இதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

"விசா கிடைச்சால் பார்ப்பம்" என்று பாவெலிடம் சொல்லி எழுதிப் போட்டார், சித்திரையிலேயே பாஸ்போர்ட்டில் குத்தி வந்துவிட்டது. பாவெல் கேட்டபோது "இன்னும் வரேல்லை, உங்கட ஆக்கள் இழுத்தடிக்கினம்" என்றார். ஜினோவிடம் "யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். வைகாசி லீவை ஆடிக்குத் தள்ளினார், ஆடியைப் புரட்டாசிக்குத் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தவறாமல் சேர்ட் அயர்ன் பண்ணி, தலைக்கு எண்ணெய் வைத்து, இரண்டில் ஒரு வீட்டு வாசலில் நின்றார். சந்தோசமாகத்தான் இருந்தார்.

ஆடி முடியப்போகிற ஒரு ஞாயிறு, பாவெல் தாயின் கடிதத்தை வாசித்து இங்கிலீஷில் சொன்னார். கண் மங்கிவிட்டதாம், பக்கத்து வீட்டுப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவவுக்கு இலங்கையும் இந்தியாவும் ஒன்றுதான். "அந்த இந்திய ஐயா எப்ப வருவார்? அவர் வந்து கதவு தட்டேக்க நான் இல்லாமல் போயிடுவனோ எண்டு தங்கச்சி வீட்டுக்கும் போறதில்லை. கேக் செய்யிறதுக்கு எல்லாம் வாங்கி வச்சிருக்கிறன்."

கேதீஸ்வரன் திங்கட்கிழமையே டிக்கட் போட்டார், புரட்டாசி பத்தாம் திகதிக்கு. அதுக்கு முதல் சீட் இல்லை என்று டிக்கட்காரன் சொல்லிவிட்டான். பிராக்தான் என்று ஜினோவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஜினோ ஒருநாள் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தார். அடுத்த ஞாயிறு தானே காரோடு வந்து ஹோர்ன் அடித்தார். "ஏறடா! புளோரன்ஸ் எங்கேயும் ஓடாது, அடுத்த வருசம் போ." இவ்வளவு காலமும் எதுக்குப் பயந்தோம் என்று கேதீஸ்வரனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆவணி கடைசியில் பாவெலுக்குத் தந்தி வந்தது. தாய் செத்து இரண்டு நாள், அடக்கமும் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிறும் பாவெல் கூப்பிட்டார். வழக்கம்போல இரண்டு கோப்பை வைத்து, சூப் ஊற்றினார். கேதீஸ்வரன் கரண்டியைத் தொடவில்லை.

"என்ர விசா சித்திரையிலயே வந்திட்டுது. நான் பொய் சொன்னனான். வைகாசியில போயிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆசைப்பட்டு உங்கட அம்மாவைக் காக்க வச்சிட்டன்."

பாவெல் தன் கரண்டியை மேசையில் வைத்தார். "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"வைகாசியில அம்மாட விலாசம் தர உங்கட அறைக்கு வந்தனான். நீங்கள் தேத்தண்ணி போடப் போன நேரம் பாஸ்போர்ட் மேசையில கிடந்தது. திறந்து பார்த்தன்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் போயிடுவியள். போய் வந்தால், பிறகு இஞ்ச வர உங்களுக்கு என்ன காரணம் இருக்கு?"

ஆளையாள் பார்க்க முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வந்திருந்தால் சத்தம் போட்டு ஆறியிருக்கலாம். ஒருவர் முகத்தில் மற்றவர் கண்டது தன்னைத்தான். சூப் ஆறி, மேலே கொழுப்பு படர்ந்துவிட்டது.

கேதீஸ்வரன் எழும்பி கோட்டைப் போட்டார். ஆர் வீட்டை விட்டு வெளிக்கிட்டாலும் "போட்டு வாறன்" என்று சொல்வதுதான் அவர் பழக்கம். இங்கிலீஷில் பேசினாலும் அப்படித்தான், போய் வருகிறேன் என்றுதான் சொல்வார். போறன் என்று வாய் தவறியும் சொன்னதில்லை, எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"போறன்," என்றார்.

பாவெல் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த ஞாயிறு வருவீர்களோ என்று அவரும் கேட்கவில்லை.