தொண்ணூறு கட்டங்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாடம் சொல்லிவந்தவள் வெர்னிட்டா. வாய் கொஞ்சம் நீளம். இனிப்பு டீயை விடமாட்டேன் என்பவர்களை, "செத்துப் போங்க, நான் பூவெல்லாம் வாங்கிட்டு வரமாட்டேன்" என்று விரட்டுவாள். ஆனால் குறிக்கோளை மட்டும் அவரவர் கையாலேயே எழுத வைப்பாள். தானாக எழுதியதுதான் நிலைக்கும் என்பது அவள் கட்சி.

மீன் ஆலையில் உழைத்து ஓய்ந்த ஆர்லிஸ், மனைவி போனபின் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர், "தினமும் தேவாலயம்வரை நடப்பேன்" என்று எழுதினார். மூன்று மாதம் கழித்து, நாளுக்கொன்றாக அவள் போட்டுக்கொடுத்த தொண்ணூறு கட்டங்களிலும் டிக் அடித்த தாளோடு வந்து நின்றார். வெர்னிட்டா அதைச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பாதங்களைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டே வாரத்தில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"புண்ணை எப்ப பார்த்தீங்க, மிஸ்டர் ஆர்லிஸ்?" என்று கட்டிலருகே நின்று கேட்டாள்.

"எழுபதாவது கட்டத்துல. சாக்ஸ்ல ரத்தம். வலிக்கவே இல்ல, மிஸ் வெர்னிட்டா."

"ஏன் சொல்லித் தொலைக்கல?"

"சொன்னா நடக்காதீங்கம்பீங்க. கட்டம் காலியாப் போயிருமே."

போர்வை தட்டையாகிப்போன இடத்தை அவள் பார்த்தாள்.

"புதுத் தாள் கொண்டாந்தீங்களா?" என்று ஆவலாகக் கை நீட்டினார் ஆர்லிஸ்.

வெர்னிட்டாவின் கையில் பூ மட்டும்தான் இருந்தது.