வாய் நிறையக் குண்டூசி

அந்தத் தையல்காரிக்கு ஜெபம் என்றால் ஆண்டவரிடம் புகார் கொடுப்பது. ஒன்பது வருஷமாக ஒரே புகார்தான்: என் தங்கையின் பேரைக் கெடுத்தவளைச் சும்மா விடாதேயும்.

கெடுத்தவள் பாடகர் குழுத் தலைவி. ஒரு பொய்யைக் கட்டிவிட்டு, நிச்சயமான கல்யாணத்தை நிறுத்தினாள். தங்கை ஊரைவிட்டே போனாள். தலைவியோ ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் நின்று அல்லேலூயா பாடினாள். பார்க்கப் பார்க்கத் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போதகர் ஒருமுறை, "ஆண்டவர்கிட்ட கேட்டீங்களாம்மா?" என்றார். "தினம் ரெண்டு வேளை கேக்கிறேன்," என்றாள். அவர் சொன்னது காது கொடுப்பதை. இவள் சொன்னது கை நீட்டுவதை. 'கேட்பது' என்ற பாழாய்ப்போன வார்த்தை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கடைசியில் அந்தத் தலைவியின் மகளுக்கே கல்யாணக் கவுன் தைக்கும் வேலை வந்தது. கவுன் தைக்க வேறு ஆளில்லை என்று வெட்கமில்லாமல் அனுப்பியிருந்தாள். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பின் இரு பக்கமும் ஒற்றை நூலை ஒப்புக்கு ஓட்டி வைத்தாள். பீடத்தின் முன் பெண் முழங்கால் போடட்டும், சபையே பார்க்கப் பிளக்கட்டும். அப்புறம் தாய்க்காரி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பாடுவாள் பார்க்கலாம்.

அளவு பார்க்க மகள் தனியாக வந்தாள். தையல்காரி தரையில் முழங்காலிட்டு, வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கவுனின் கீழ் ஓரத்தை மடித்துக் குத்தினாள். அந்த நிலையில் வாயைத் திறக்க வழியில்லை.

பெண் மேலே நின்று பேசினாள். "உங்க தங்கச்சியைப் பத்தி எங்கம்மா சொன்னது பொய்தான்க்கா. சொன்னப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். ஜெபத்துல உக்காந்தா அதுதான் காதுல விழுது. வர்ற ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சொல்லிடப் போறேன்."

கவுனை ஒருமுறை தடவிப் பார்த்து, "அப்புறம் மாப்பிள்ளை வீட்டுல என்னை வேணாம்னு சொல்லிடலாம்," என்றாள்.

கேட்ட பழி வந்துவிட்டது. சுமக்கப்போவது இந்தப் பெண். தையல்காரிக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்டிருப்பாள், வாயில் ஊசி. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் முழங்காலில் பேசாமல் இருந்தாள். பீடத்தின் முன்னால் என்ன காரியம் செய்யத் துணிந்தோம் என்று அப்போதுதான் பயம் பிடித்தது.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"உங்கம்மாவை நான் மன்னிக்கலை," என்றாள். "ஆனா இந்த இடுப்புத் தையலை நான் வேணும்னே கெடுத்து வச்சிருக்கேன். கழட்டிக் குடும்மா."