வாசலோடு நின்ற கபிரியேல்

எங்கள் புதுச்சேரிக்காரர்களில் கபிரியேல் ஐயாவைப் போல ஷூவைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தவர் பாரிஸின் லாஷப்பேல் பகுதியில் எவருமில்லை. பிரெஞ்சு இராணுவத்தில் இந்தோசீனா வரை போய்வந்து, பிறகு தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ரூ பஜோல் தெருவில் என் வீட்டில் செபமாலை நடக்கும் நாட்களில் வாசலுக்கு வெளியே நின்றே செபத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஷூவைக் கழற்ற மனசு வராத துரை என்று நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தவன் நான்தான்.

எண்பத்தாறில், நான் வேலை பார்த்த பயண அலுவலகத்துக்கு வந்தார். ஜப்பானில் கியோத்தோவின் பழைய கோயில் தெருக்களைப் பார்க்க வேண்டுமென்பது அவர் மனைவி மர்கரீத் அம்மாவின் வெகுநாள் ஆசை. நான் காட்டிய பட்டியலில் ஐயா ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல் ஒன்றில் விரல் வைத்தார். நான் சும்மா இருந்தேனா? அந்தக் கோயில் தெரு ஒன்றுக்குள்ளேயே இருந்த பழைய மரவீட்டு விடுதியின் படத்தை நீட்டினேன்.

"இங்க தங்குங்கய்யா. நம்ம ஊடு மாதிரியே. ஷூவ வாசல்ல கழட்டிட்டு உள்ள போவணும், பாய்ல படுக்கணும்."

"கட்டாயம் கழட்டணுமா?"

"அட, அங்கயும் வாசலோட நிக்கப் போறீங்களா?"

பின்னால் காத்திருந்த நம் ஆட்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இறுகியது. "சரி, அதையே போடு" என்றார்.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மர்கரீத் அம்மா என்னைத் தனியாக அழைத்தார்.

"அவருக்கு எடது பாதம் கெடையாது ரேமண்ட். கண்ணிவெடில போச்சு. ஷூக்குள்ள இருக்கிறது மரம். ஷூ இல்லாம நிக்கவே முடியாது. அந்த விடுதி வாசப்படில ஒக்காந்து நாடாவ அவுத்தாரு. எல்லாரும் பாக்கறாங்கன்னு திரும்பக் கட்டிட்டாரு. செர்ரி பூப்பூக்கற காலம், ஊரெல்லாம் கூட்டம், வேற எங்கயும் எடம் இல்ல. அன்னைக்கே தோக்கியோவுக்குத் திரும்பிட்டோம். நான் ஒரு கோயிலயும் பாக்கல."

என் வாயில் கொள்ளியை வைக்க! அன்று மாலையே மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். பதினொரு வருடப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை. அவரே கதவைத் திறந்தார். நான் வழக்கம்போலக் குனிந்து ஷூ நாடாவில் கை வைத்தேன்.

"கழட்டாத. இந்த ஊட்ல யாரும் கழட்ட வேணாம். அப்படியே உள்ள வா" என்றார்.

என் வாசலில் அத்தனை வருடம் நின்ற மனிதரிடம் ஒரு தடவைகூட நான் சொல்லாத வார்த்தை அது.